ஹன்னாவுக்கு வந்த பன்னிரண்டு ஏக்கர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டிய அம்மையாருக்காக, இருநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் அப்பா யார் என்று என் அம்மா கண்டுபிடித்தாள். இதைப் பள்ளியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. என் அம்மாவின் ஆங்கிலம் அவர்களுக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியின் எடிசனில், முதல் மாடியில் குடியிருந்தோம். அப்பா காலை ரயிலில் மன்ஹாட்டனுக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பேருந்து ஓட்டும் கேரல் ஆன்ட்டி எங்களுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நல்ல உயரம். பேருந்தில் நாங்கள் எவ்வளவு கத்தினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், கப்சிப். அப்படிப்பட்டவரை நிலவறையில் இருந்த துணி துவைக்கும் அறையில் பனியனும் செருப்புமாகப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

கோடை விடுமுறையின் முதல் வாரம். எங்கள் துணி உலர்ந்துகொண்டிருந்தது. கேரல் ஆன்ட்டி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஒரு கத்தைக் காகிதத்தைப் பரப்பி, பென்சிலை வாயில் கடித்தபடி நின்றிருந்தார். பழங்காலக் கையெழுத்தின் நகல்கள். அம்மா எட்டிப் பார்த்தாள். அடுத்தவர் காகிதத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு ஆயிரம் முறை சொன்னவள், தானே கழுத்தை நீட்டி முழுப் பக்கத்தையும் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, இது கிரயப் பத்திரம்லா! எல்லைக்கு மரத்தைச் சொல்லியிருக்கான் பாரு. அங்க புளியமரம், இங்க ஓக் மரம்."

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். ஊரில் யார் நிலம் யாருக்குப் போனது என்பதைப் பழைய புத்தகங்களில் தேடிச் சொல்வதுதான் அவள் வேலை. அது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருந்ததே தவிர, அவளை ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை அம்மா என்பவள் சமைப்பவள், கடையில் நான் பேசும்வரை காத்திருப்பவள்.

கேரல் ஆன்ட்டி கோபப்படவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் குடும்பத்தில் நியூ ஜெர்சிக்கு வந்து நிலம் உழுதவர்களில் ஐசக் என்று ஒருவர். அவருடைய மனைவி ஹன்னா. ஐசக்கின் அப்பா, தாத்தா எல்லாரையும் ஆன்ட்டி உயில்களில் பிடித்துவிட்டார். ஹன்னா யார் வீட்டுப் பெண் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. ஏதோ ஒரு சித்தப்பா அச்சடித்த குடும்பப் புத்தகத்தில், அவள் அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்ட ஒரு கர்னலின் மகள் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. ஆன்ட்டியின் அம்மா சாகும்வரை அந்தக் கர்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். அந்த வரிக்கு ஆதாரம் தேடித்தான் பதினோரு வருடமாக ஒவ்வொரு கோடையும் இப்படி அலைகிறார்.

அம்மா கையிலிருந்த பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐசக்கும் ஹன்னாவும் சேர்ந்து, ஓடைக்கரையில் இருந்த பன்னிரண்டு ஏக்கரை விற்ற பத்திரம் அது.

"வித்தது சரி. இந்த நிலம் இவங்களுக்கு எப்படி வந்துது? தாய் பத்திரம் எங்கன்னு அவுகட்ட கேளு."

நிலம் முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரத்தை அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி மொழிபெயர்த்தேன்: இந்தக் காகிதத்தின் அம்மா எங்கே என்று கேட்கிறாள்.

கேரல் ஆன்ட்டி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அறையே அதிரும்படி சிரித்தார். "கண்ணு, அந்த அம்மாவைத்தானே நான் பதினோரு வருஷமா தேடுறேன்!"

மறுநாள் காலை மூன்று பேரும் அவருடைய பழைய காரில் கவுன்ட்டி என்னும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அம்மா பட்டுச்சேலை கட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை. கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி தலை வாரி, பொட்டு வைத்து, ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அப்பாவின் மதிய உணவை முதல் தடவையாக மறந்தும் போனாள்.

ஆவண அறையில் என் நெஞ்சு உயரத்துக்குச் சாய்வான மேசைகள். அவற்றின் கீழே உருளைகள் மேல் படுத்துக் கிடந்த கனமான புத்தகங்கள். விற்றவர் பெயர்ப் பட்டியல் ஒன்று, வாங்கியவர் பெயர்ப் பட்டியல் ஒன்று. எங்களுக்கு முன்பே அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். பொறுப்பாளராக இருந்த ஒரு கண்ணாடிக்கார அம்மாள், என் அம்மாவின் சேலையைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் அலுவலகம் கீழ்த்தளத்தில் என்று எனக்குச் சொன்னார். கேரல் ஆன்ட்டி பேருந்தில் எங்களைப் பார்க்கும் அதே பார்வையை அவர்மேல் வீசினார்.

அம்மாவுக்கு எதையும் யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தின் முதுகைப் பார்த்தாள், பட்டியலின் தலைப்பைப் பார்த்தாள், இழுத்து மேசைமேல் போட்டாள். வாங்கியவர் பட்டியலில் ஐசக் இல்லை. முன்னும் பின்னும் தேடினாள், எழுத்தை மாற்றி மாற்றித் தேடினாள். இல்லவே இல்லை. ஐசக்கின் அப்பா எழுதிய உயிலிலும் ஓடைக்கரை நிலம் கிடையாது.

"வாங்கலை. அப்பன் வழியிலயும் வரலை. அப்ப பொண்டாட்டி வழிதான்" என்றாள் அம்மா.

பிறகு பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். நீதிபதி ஹன்னாவைக் கணவனிடமிருந்து தள்ளித் தனியே கூப்பிட்டு விசாரித்ததாகவும், யாருடைய பயமுறுத்தலும் இல்லாமல் தன் சொந்த விருப்பத்தில்தான் எழுதிக் கொடுப்பதாக அவள் சொன்னதாகவும் இருந்தது. கீழே ஹன்னா ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். இன்னொரு தடவை படி என்றாள் அம்மா. படித்தேன். தன் நிலம் என்பதால்தானே அவளைத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

கண்ணாடிக்கார அம்மாள் அருகில் வந்து, அது அந்தக் காலத்தில் எல்லாப் பத்திரத்திலும் உண்டு, புருஷன் நிலத்தை விற்றாலும் மனைவியைக் கேட்பார்கள் என்றார். நான் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா முகம் வாடவில்லை. தன் நோட்டில் எழுதியிருந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். அவ்வளவுதான்.

"சரி, நாலு எல்லைக்காரனையும் பிடிப்போம். இவங்க நமக்குச் சொல்ல மறந்ததைப் பக்கத்து நிலத்துக்காரன் சொல்லுவான்."

இதில்தான் இரண்டு வாரம் போயிற்று. பத்திரத்தில் வடக்கே இன்னார் நிலம், தெற்கே இன்னார் நிலம் என்றிருந்த ஒவ்வொரு பெயரையும் அம்மா தனித்தனியாகத் தேடினாள். எனக்கு முதல் மூன்று நாள் வேடிக்கையாக இருந்தது. நாலாம் நாள் "அம்மா, ஐ ஆம் போர்ட்" என்று ஓரத்தில் இருந்த ஒரு வெற்று மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் கால்கள் மட்டும் தெரியும். சுவர் அலமாரியின் மேல்தட்டுப் புத்தகத்தை எட்டிப் பிடிக்க நுனிக்காலில் நிற்பாள். மணிக்கணக்காக அந்தக் கால்கள் உட்காரப் போகவே இல்லை. வீட்டில் இடுப்பு வலிக்கிறது என்று சொல்பவள்.

இந்த நாட்களில் அவர்கள் இருவரும் என்னைக் கூப்பிடுவது குறைந்துபோனதையும் கவனித்தேன். அம்மா விரலை வைப்பாள். ஆன்ட்டி குனிந்து படிப்பார். "நோ" என்பாள் ஒருத்தி, "நெக்ஸ்ட்" என்பாள் இன்னொருத்தி. எனக்கு வேலை இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மேற்கு எல்லைக்காரரின் பத்திரத்தில் அது இருந்தது. தன் நிலத்துக்குக் கிழக்கே இருப்பது, காலஞ்சென்ற நெசவாளி ஜோனதனின் நிலம் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். அதே ஓடை. அதே அடையாளம் வெட்டிய ஓக் மரம். ஐசக்குக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்குச் சொந்தக்காரர், அப்படியானால் அநேகமாக ஹன்னாவின் அப்பா, கேரல் ஆன்ட்டி கேள்விப்பட்டே இராத ஒரு நெசவாளி.

அம்மா அதைக் கண்டதும் ஆன்ட்டியைக் கூப்பிடவில்லை. புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கிட்டே இழுத்து மெதுவாகச் சொன்னாள்.

"கர்னல் இல்லட்டி. அவுக அம்மா அவ்வளவு ஆசையாச் சொன்னது. இதை எப்படிச் சொல்ல?"

"டோன்ட் டெல் ஹெர்" என்றேன். எனக்கு அது மிகவும் எளிதான வழியாகத் தெரிந்தது.

அம்மா என்னை முறைத்தாள். "புத்தகத்துல உள்ளதைத்தான் சொல்லணும். இல்லாததைச் சொல்லவும் கூடாது, இருக்கிறதை மறைக்கவும் கூடாது." பிறகு தானே போய் ஆன்ட்டியின் தோளைத் தொட்டாள். என்னைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல், தன்னுடைய ஆங்கிலத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னாள். "ஐ ஆம் சாரி. நாட் கர்னல். வீவர்."

கேரல் ஆன்ட்டி அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். சரி, இன்னும் உறுதியில்லை, ஜோனதனின் உயிலைப் பார்த்துவிடுவோம் என்றார். காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தார். உயில்கள் மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் இருந்தன. எழுதிக் கேட்டு, நகல் தபாலில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அம்மா துணி துவைக்கும் அறைக்குக் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுவாள். ஆன்ட்டியை எதிரில் பார்க்கப் பயந்தாள் என்று நினைக்கிறேன். "ஊர்ல பாத்த வேலையை இங்கயும் தேடிப் பிடிச்சிட்டே போல" என்று அப்பா ஒருநாள் கேலி செய்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. ஆன்ட்டி கையில் உறை, கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, ஒரு வரியின் கீழே நகத்தை வைத்தார். என் தறியும் அதற்கான கருவிகளும் என் மகனுக்கு. என் மகள் ஹன்னாவுக்கு, ஐசக்கின் மனைவிக்கு, ஓடைக்கரையில் உள்ள பன்னிரண்டு ஏக்கர் நிலமும், ஒரு பசுவும், நல்ல படுக்கையும். அவள் எனக்கு நோயில் செய்ததற்காக.

அம்மா மறுபடியும் சாரி சொல்லப் போனாள். ஆன்ட்டி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கர்னல் யார் வீட்டுக் கர்னலோ. இவர் என் தாத்தா. படுத்துக்கிடந்த அப்பாவை அவ பாத்துக்கிட்டா, அதுக்காக அவர் நிலம் எழுதிவச்சார். எங்க அம்மாவைக் கடைசி நாலு வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன். இதைவிட எனக்கு என்ன வேணும்?" நான் மொழிபெயர்க்கத் தொடங்குவதற்கு முன்பே அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்த நிலத்தைப் பார்க்கப் போனோம். மெத்தைக் கடை ஒன்றும் பீட்சா கடை ஒன்றும் இருந்தன. பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால், கணுக்கால் ஆழத்துக்கு ஓடை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரத்தில் இருந்த அளவை வைத்து அம்மா அங்கே நடந்து பார்த்தாள். வடக்கே இவ்வளவு, மேற்கே இவ்வளவு. மெத்தைக் கடையின் பின்சுவருக்கு வந்ததும் கையைச் சுவரில் வைத்து, "இதுவரைக்கும் ஹன்னாவோடது" என்றாள். ஆன்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கி நின்றார். நானும் இறங்கினேன். தண்ணீர் சில்லென்றிருந்தது.

வரும் வழியில் ஆவண அறைக்கும் போய் உயிலைக் காட்டினோம். கண்ணாடிக்கார அம்மாள் முழுவதையும் படித்தார். அம்மாவின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு ஒரு அட்டையில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தார். வீடு வாங்கி விற்பவர்களுக்காக நிலப் பதிவுகளைத் தேடிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஆள் தேடுகிறார்கள், தான் சொன்னால் நாளைக்கே எடுத்துக்கொள்வார்கள், இப்படித் தேடுகிற ஆளைத் தான் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார். அம்மா எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். அட்டையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். பிறகு அதை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, என் தலைமேல் கையை வைத்தாள்.

"தேங்க் யூ. பட் மை டாட்டர் இஸ் ஸ்மால்" என்றாள்.

அப்பாவின் வேலைக்காகக் கொடுத்த விசாவில் கூட வந்தவள் அம்மா என்பதும், அப்படிக் கூட வந்தவர்கள் அப்போது இந்த நாட்டில் ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பதும், பல வருடம் கழித்து க்ரீன் கார்டுக் காகிதங்களை நான் நிரப்பிக் கொடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேரல் ஆன்ட்டி முன்னால் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். கைக்கு எட்டிய ஒரு காரணத்தைச் சொன்னாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். என்னால்தான் அம்மாவுக்கு அந்த வேலை இல்லாமல் போனது என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் தூங்கி எழுவதற்குள் அழுக்குக் கூடையைத் தனியாக நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போய், துவைத்து, உலர்த்தி, மூன்று பேர் துணியையும் மடித்து மேசைமேல் அடுக்கிவைத்தேன். எனக்கு நானே தலை பின்னிக்கொண்டேன். பாலைச் சுடவைத்துக் குடித்துவிட்டு டம்ளரையும் கழுவிவைத்தேன். எழுந்து வந்த அம்மாவிடம், நான் சின்னப் பெண் இல்லை, நீ தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றேன். அவள் அந்தத் துணி அடுக்கையும் என்னையும் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். சேலைகளை நான் சரியாக மடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.