கல்யாணத்தை அழிக்காத பாக்கர் பாய்

பாம்பனில் இறங்கி பாக்கர் ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் கருவாடு காயப்போடுகிறவர்கூடக் கை நீட்டுவார். அஞ்சாம் வகுப்போடு வள்ளத்தில் ஏறி, வலை இழுத்த காசில் கேமரா வாங்கி, கல்யாண வீடியோ எடுத்தே கடையை நிமிர்த்தியவர் பாக்கர் பாய். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து அமுக்குவது சின்னப்பிள்ளை வேலை என்பார். லினக்ஸ் போட்டு, கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டுவார். பி.இ. படித்த மருமகன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தது ஊருக்கே தெரியும். பாய் சொல்லித்தான் தெரியும்.

கடையில் ஒரே சட்டம். யார் வீட்டுக் கல்யாணத்தையும் டிஸ்கிலிருந்து அழிக்கக் கூடாது. "நிக்காஹ்வோ, தாலிகட்டோ, அழிச்சா அந்தக் குடும்பத்துக்கு ஆகாது" என்பார். பெண்வீட்டார் அதற்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

அந்தச் சட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கழுத்தையே பிடித்தது. புதுமாப்பிள்ளை நுஃமான் துபாய் திரும்பும் நாள். மூன்று மணிக்குக் கார். கல்யாண வீடியோவை வாங்கிப்போக அவன் அக்கா தாஜுன்னிசா கடையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எடிட்டிங் பார்க்கும் முருகலட்சுமி வேலையை முடிக்கப் போனால், மெஷின் இடமில்லை என்றது. மிச்ச இடம் பார்க்க df -h அடித்தாள். நூறு சதவீதம் நிரம்பிக் கிடந்தது.

"நூறு ஜிபியாவது காலி பண்ணணும் பாய். புது டிஸ்க் வாங்க ராமநாதபுரம் போய் வர நேரமில்ல. பழைய கல்யாணம் ரெண்டை..."

"வாயைக் கழுவு புள்ள!"

"பொண்ணு இங்கன, மாப்பிள்ளை அங்கன. பாத்துக்கிட வீடியோவாச்சும் வேணாமா காக்கா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள் தாஜுன்னிசா.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வள்ளத்துல வலையை அள்ளிப் போட்டா கால் வைக்க எடமிருக்காது. மடிச்சு வச்சா நாலு பேர் படுக்கலாம். டிஸ்கும் அப்படித்தான். துண்டு துண்டாக் கெடக்கும், அடுக்குனாப் போதும்." எவ்வளவு சிதறியிருக்கிறது என்று பார்க்க e4defrag -c என்று தட்டினார். சிதறல் பூஜ்யம், அடுக்க ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

"சிதறிக் கெடந்து அடுக்குனாலும் ஃபைலோட கனம் கொறையாது பாய்."

"மெஷினுக்கு என்னா தெரியும்? அது வள்ளம் ஏறியிருக்கா?"

முருகலட்சுமி, எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று du -sh * | sort -h அடித்தாள். ஒவ்வொரு கல்யாணமும் அறுபது, எழுபது ஜிபி. கடைசி வரியில் முந்நூற்றறுபது ஜிபி: 'பாக்கர் பாராட்டு விழா'. போன வருஷம் வியாபாரிகள் பொன்னாடை போர்த்தியது. நாலு கேமரா, உச்சத் தரம்.

தாஜுன்னிசா எட்டிப் பார்த்தாள். "இது நிக்காஹ் இல்லையே காக்கா?"

பாய் திரையைக் கையால் மறைத்தார். "மத்தவங்க பேச்சை மட்டும் வெட்டுவோம்."

"மத்தவங்க எல்லாரும் சேந்து எட்டு நிமிசம் பாய். மிச்சம் ரெண்டு மணி நேரமும் உங்க ஏற்புரை."

மணி பன்னிரண்டாகிவிட்டது. பாய் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அழிக்கச் சொல்லி rm -r என்று தட்டி, விழாவின் பெயரைச் சேர்த்தார். பிஸ்மி சொல்லி என்டரை அமுக்கினார். நிச்சயமா என்று மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப உறுத்தியது.

இரண்டரைக்குத் தாஜுன்னிசா பென் டிரைவோடு ஓடினாள். முருகலட்சுமி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டே கேளு," என்றார் பாய். "அந்த ஏற்புரை எனக்கு மனப்பாடம்."