எலிக்காய்ச்சலும் ஒன்பதாம் நம்பர் பூட்ஸும்

மிஷினில் விரல் மாட்டினால் மில்லே திரண்டு ஓடிவரும். உடம்பில் கிருமி புகுந்தால் மட்டும், புகுந்தவரே நம்பமாட்டார்.

நான் பூதலூர் பக்கத்தில் ஒரு நெல் மில்லில் பாதுகாப்பு அலுவலர். வேலை செய்கிற இடத்திலிருந்து தொழிலாளிக்கு நோய் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வைத்தியம் கிடைக்க வேண்டும், வேலையும் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் புத்தகத்தில் படுத்துக்கொள்ளும். நெல் அவிக்கிற ஆவிக்கும் மோட்டார் சத்தத்துக்கும் நடுவில் நின்று அதைக் கத்திச் சொல்ல வேண்டியது நாம். மில்லோ ஆஸ்பத்திரியோ, எங்கே இந்த வேலை பார்த்தாலும் உங்களுக்கும் இதே தொண்டைக்கட்டுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வெற்றிலையும் மாஸ்க்கும்

நான் சேர்ந்தது கொரோனா சமயத்தில். மில் ஓடலாம், ஆனால் உள்ளே இருக்கிற எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருக்க வேண்டும் என்று உத்தரவு. கேட்டில் நின்று நானே ஆளுக்கொன்று கொடுப்பேன். டீ நேரத்துக்குள் அது தாடைக்கு இறங்கிவிடும். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் பாதி மாஸ்க் சாக்கு மூட்டைகளின் மேல் காய்ந்துகொண்டிருக்கும்.

ராஜேந்திரன் ஒருவர்தான் மூக்கை விட்டு இறக்காமல் போட்டிருந்தார். நெல் ஊறவைக்கிற தொட்டியில் வேலை பார்க்கிறவர். ஒரு ஆளாவது கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் பக்கத்தில் போனால், வாய்க்கு நேராக மாஸ்க் சிவந்து நனைந்திருந்தது. ரத்தம் என்று நினைத்து, “அண்ணே, என்னண்ணே ஆச்சு?” என்று கத்தினேன். அவர் நிதானமாக மாஸ்க்கைக் கழற்றி, வாய்க்காலில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “கழட்டாமலே துப்பிப் பார்த்தேன் மேடம், சரிப்பட்டு வரல. வெத்தல போடுறவனுக்குன்னு சட்டத்துல தனியா ஒண்ணும் சொல்லலியா?”

பூட்ஸ் போன இடம்

கொரோனா அடங்கிய பிறகும் எங்களுக்கு ஒரு எதிரி பாக்கி இருந்தது. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால், பாதத்தில் சின்ன வெடிப்பு போதும், எலிக்காய்ச்சல் வந்துவிடும். எங்கள் மில்லில் தொட்டித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்கள் அத்தனை பேரும் வெறுங்கால்.

முதலாளியிடம் ரப்பர் பூட்ஸ் கேட்டேன். அவர் நெல் காய்கிற களத்தில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுத்தான் கால் வைப்பார். “நெல்ல போய் பூட்ஸ் காலோட மிதிக்கச் சொல்றீங்களேம்மா!” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். “களத்துல வேண்டாங்கய்யா. வாய்க்கால்லயும் தொட்டிகிட்டயும் மட்டும். இதை வாங்கித் தர வேண்டியது சட்டப்படி நீங்கதான்” என்றேன். யோசித்துவிட்டு வாங்கிப் போட்டார்.

ராஜேந்திரன், கால் புழுங்குகிறது என்று தொடவே இல்லை. வாய்க்கால் சுத்தம் செய்கிற மலர்க்கொடி மட்டும் ஆசையாக மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் அவரும் வெறுங்காலோடு நிற்கிறார். “பூட்ஸ் எங்கக்கா?” என்றேன். “எங்க வீட்டுக்காரரு வயலுக்கு மருந்தடிக்கப் போட்டுக்கிட்டுப் போனாரு மேடம். காலுக்குச் சொகமா இருக்காம், கழட்டித் தர மாட்டேங்குறாரு.”

கெண்டைக்கால் வலி

அந்த ஐப்பசியில் விடாத மழை. மில்லைச் சுற்றி ஒரே தண்ணீர். ராஜேந்திரன் வேலைக்கு வரவில்லை. “எங்கயாவது ஊத்திக்கிட்டுக் கெடப்பான் மேடம்” என்றார் சூப்பர்வைசர் கோவிந்தராஜ். மறுநாளும் வரவில்லை. எனக்கு மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்கே போனேன். பாயில் சுருண்டு கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. கண் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன. மெடிக்கல் ஷாப் மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றார் அவர் மனைவி வசந்தா. “கெண்டைக்கால தொட்டாலே அலறுறாரு மேடம். மூட்ட தூக்குன வலின்னு தைலம் தேச்சேன்.” சிறுநீர் போகிறாரா என்று கேட்டேன். “நேத்துலேருந்து சொட்டு சொட்டாத்தான்.”

முதலாளிக்குப் போன் செய்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, தன்னுடைய காரையே அனுப்பிவிட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான் டாக்டரிடம் முதலில் சொன்னது, இவர் நெல் மில்லில் தொட்டித் தண்ணீரில் நின்று வேலை பார்க்கிறவர், அங்கே எலி உண்டு என்பதைத்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே டாக்டர் எலிக்காய்ச்சலுக்கான ஊசியை ஆரம்பித்துவிட்டார். சிறுநீரகம் வரை பாதிப்பு போயிருக்கிறது, மருந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். வராந்தாவில் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொழச்சிடுவாருல்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டத்தில் என்ன கேட்டாலும் சொல்லுவேன். இதற்கு, டீ வாங்கி வந்து கொடுக்கத்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை நர்ஸ் சிரித்த முகமாக வெளியே வந்தார். சிறுநீர் தாராளமாக இறங்க ஆரம்பித்துவிட்டது, இனி பயமில்லை என்றார். ஒரு மனிதர் ஒன்றுக்குப் போனார் என்பதற்காக இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு அழுததை அந்த வராந்தா முன்னே பின்னே பார்த்திருக்காது. உள்ளே போய்ப் பார்த்தபோது ராஜேந்திரன் கண் திறந்து, உலர்ந்த உதட்டோடு கேட்டார்: “மேடம், அந்த பூட்ஸ்ல ஒம்போதாம் நம்பர் இருக்கா?”

முதலாளியின் கால்

அவர் பிழைத்தது ஒரு பக்கம். இனி சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். முதலாளி தயங்கினார். “சும்மாவே மில்ல பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். இது வெளில தெரிஞ்சா என்னாகும்?” என்றார். “மறைச்சா தப்புங்கய்யா. அதோட, அடுத்தாப்ல யாரு படுப்பாங்கன்னு நமக்குத் தெரியாது” என்றேன். களத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, “சொல்லிடுங்க” என்றார்.

சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வாய்க்காலுக்கு மூடி போட்டு, எலி வளைகளை அடைத்து, சோப்போடு கை கால் கழுவக் குழாய் வைத்தோம். வேறு யாருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தபோது என் தோளிலிருந்து ஒரு நெல் மூட்டையே இறங்கியது மாதிரி இருந்தது. ஆனாலும் தண்ணீரில் புழங்குகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்தார்கள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஓரமாக நின்ற முதலாளி தன் குதிகால் வெடிப்பை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு வந்து கடைசி ஆளாக நின்றுகொண்டார். “ஐயா, நீங்களுமா?” என்று பதறினார் கோவிந்தராஜ். “நான் மொதலாளின்னு எலிக்குத் தெரியுமாய்யா?”

சாப்பாட்டு நேரம்

சாக்கு தைக்கிற பகுதியில் பரமேஸ்வரி என்று ஒருவர். இருமல் வந்தால் எழுந்து தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வருவார். அது நிற்கவே இல்லை. பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். காசநோய். “வேலைய விட்டு எடுத்துடாதீங்க மேடம், பொண்ணு மாயவரத்துல காலேஜ் படிக்குது” என்று அழுதார். நோயைவிட அதற்குத்தான் பயந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லாமல் மற்றவர்களுக்கும் பரிசோதனை வைத்தேன். பெயர் கிருமியைவிட வேகமாகப் பரவிவிட்டது. “நிறுத்திடலாம் மேடம், எல்லாருக்கும் ஒட்டிக்கும்” என்றார் கோவிந்தராஜ். மருத்துவ விடுப்பில் இருக்கிறவரை நீக்கச் சட்டத்தில் இடமில்லை, ஒழுங்காகச் சில வாரம் மாத்திரை சாப்பிட்டால் அவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று நானும் தொண்டை கட்டுகிற வரை சொன்னேன். நல்ல வேளை, மற்ற யாருக்கும் இல்லை.

உடம்பு தேறி, வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு பரமேஸ்வரி திரும்பி வந்தார். அதே இடம், அதே வேலை. மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். அவர் மட்டும் தள்ளிப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு வட்டத்தில் இடம் கொடுக்க எந்தச் சட்டத்தை நான் காட்டுவது? வட்டத்திலிருந்து மலர்க்கொடி தன் டப்பாவோடு எழுந்தார். நேரே போய் பரமேஸ்வரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவருடைய குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். “எங்கடி போய்த் தொலைஞ்ச இத்தன நாளா? ஒன் மோர்க்கொழம்பு இல்லாம எங்க யாருக்கும் சோறே எறங்கல.”

இப்போது எங்கள் மில்லில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூடக் கிடையாது, அதனால்தான் “இந்த மேடத்துக்கு இங்க அப்படி என்னதான் வேல?” என்று கோவிந்தராஜ் பார்க்கிறவர்களிடமெல்லாம் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.