பக்கச் சுவருக்குப் பலகை

என் மனைவிக்குப் பார்வை போன பிறகுதான் எங்கள் வீட்டின் பக்கச் சுவரை நான் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் அது மழைக்கும் வெயிலுக்கும் நின்ற ஒரு சுவர், சைக்கிளைச் சாத்தி வைக்க உதவிய ஒரு சுவர், அவ்வளவுதான்.

நாங்கள் திருகோணமலைப் பக்கம் பாலையூற்றில் இருக்கிறோம். நான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் இயந்திரத்தைப் பார்த்துவந்து ஓய்வு பெற்றவன். மனைவி வீட்டில் இருந்தபடியே தைத்தவள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள், கலியாணத்துக்குப் பிளவுஸ்கள் என்று வருடம் முழுவதும் எங்கள் விறாந்தையில் துணி குவிந்து கிடக்கும். ஒரே மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள்.

மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, நெடுநாளாக இருந்தது. அது கண்ணுக்கு ஏறியபோது முதலில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு அளவு நாடாவை வாசிக்கச் சொன்னாள். பிறகு ஒரு நாள் மெஷினை உறையால் மூடிவிட்டு, இனி ஒருவரிடமும் துணி வாங்க வேண்டாம் என்றாள். கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்த பஸ்ஸில் கந்தளாய் தாண்டியதும், "வந்திட்டமோ?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீட்டில் மலசலகூடம் பின்னால் தனியாக இருக்கிறது. குசினிக் கதவால் இறங்கி, பக்கச் சுவரோடு நடந்து, மூலை திரும்பிப் போக வேண்டும். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். சில நாட்கள் பொறுத்துப் பார்த்தாள்.

"இதுக்கும் ஆள் துணை வேணுமெண்டால் பிறகு நான் என்னத்துக்கு?" என்றாள்.

"விழுந்து கிழுந்து போனால்?"

"விழுந்தால் கூப்பிடுவன். அப்ப வாங்கோ."

நான் நைலோன் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினேன். ஆட்டைக் கட்டி வைத்த மாதிரி இருக்கிறது, கழற்றுங்கள் என்றாள். கழற்றினேன். அதன் பிறகு அவள் சுவரைத் தடவிக்கொண்டு தனியாகப் போய்வரத் தொடங்கினாள். நான் குசினிக்குள் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சுவர் பொடிக்கல்லைச் சீமெந்தோடு குழைத்து எறிந்து பூசியது. நாங்கள் வீடு கட்டிய காலத்தில் அதுதான் நாகரிகம். துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் சீமெந்து உதிர்ந்து உதிர்ந்து, கல் மட்டும் பல்லைப் போல வெளியே நின்றது. ஒரு காலை சைக்கிளை எடுக்கப் போனபோது, சுவரில் கையளவு உயரத்தில் மண்ணிறக் கோடுகள் இழுபட்டிருப்பதைக் கண்டேன். குசினிக்குள் வந்து அவளுடைய கையைப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்தாள். கோப்பையின் பிடியில் இரத்தம்.

"கையிலை என்ன?"

"கையிலை என்ன?" என்று அவளும் கேட்டாள்.

விரல் நுனிகள் தோலுரிந்திருந்தன. அவளுக்குக் கண் தெரியாதபடியால் காணவில்லை என்றுதான் நான் நினைத்தேன். கிளினிக்கில் மருந்து கட்டும்போது நோகிறதா என்று கேட்டார்கள். ஓம், கொஞ்சம் நோகுது என்றாள். காயம் ஆற மாதக்கணக்காகியது.

சுவரைக் கொத்திவிட்டு மழமழப்பாகப் பூசலாம் என்று மேசன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு மூன்று இடங்களில் தட்டிப் பார்த்தார். உள்ளே சுவர் முழுக்க உப்பு இறங்கியிருக்கிறது, புதுப் பூச்சு ஒரு மழைக்குத்தான் தாங்கும் என்றார். மரச்சட்டம் அடித்து, அதற்கு மேல் வெளிப்பக்கம் பலகையோ தகடோ போடுவதுதான் வழி. எதைப் போடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். மனைவி அதை விடவில்லை.

"நான் தொடுற சுவர். நான்தான் பார்த்து எடுக்க வேணும்."

பார்த்து என்றுதான் சொன்னாள்.

திருகோணமலை நகரத்தில் கட்டடச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு ஓட்டோவில் போனோம். முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்தவர், எங்களை விட வயதில் இளையவர். அவளுக்கு ஒரு கதிரை போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவள் மடியில் வைத்தார்.

முதலாவது நாகத் தகடு, துத்தநாகம் பூசியது. அவள் விரலால் தடவினாள். பிறகு பிளாஸ்டிக் பலகை. அதையும் தடவினாள். பிறகு மரப்பலகை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. துணியைத் தொட்டே இது இன்ன துணி, எத்தனை தரம் கழுவியது என்று சொல்லக்கூடிய பெண் அவள். மடியில் கிடந்த தகட்டையும் மரத்தையும் மாறி மாறித் தடவினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"எது மழமழப்பாயிருக்கு?" என்றேன்.

"எல்லாம் ஒண்டுதான்."

"தகடும் மரமும் ஒண்டோ?"

அவள் மரப்பலகையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு தகட்டை எடுத்து வைத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"விரலிலை உணர்வு இல்லையோ?"

"இல்லை."

"எப்பவிருந்து?"

"கண் போக முதலே குறையத் தொடங்கிட்டுது."

"கிளினிக்கிலை நோகுதெண்டு சொன்னனீர்."

"சொன்னனான்." அவள் தகட்டை மடியில் வைத்தாள். "கண் போனது ஊருக்கே தெரியும். வாற போற எல்லாரும் அதைத்தான் கேக்கினம். இதையாவது எனக்குள்ளை வச்சிருப்பம் எண்டு நினைச்சன்."

முதலாளி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அடுத்த துண்டைத் தருவதற்கு முன் அதைத் தன் சாரத்தின் ஓரத்தால் இரண்டு பக்கமும் தூசு போகத் துடைத்தார். அதன் பிறகு தந்த ஒவ்வொன்றையும் அப்படித் துடைத்துத்தான் தந்தார்.

அவள் கன்னத்தால் பார்த்தாள். தகடு இப்போது குளிர்கிறது, மத்தியானத்தில் அடுப்பாகிவிடும் என்றாள். பிளாஸ்டிக் பலகை பொம்மை மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைத்தாள். மரத்தை மட்டும் திரும்பவும் எடுத்து மணந்து பார்த்தாள். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

"உங்களுக்கு விக்கிறதுக்காக நல்லமெண்டு சொல்ல மாட்டன் அக்கா," என்றார் முதலாளி. "உப்புக் காத்துக்கு வெடிச்சிரும். வெடிச்சா சிலாம்பு கையில ஏறும். ஏறினது உங்களுக்குத் தெரியாது."

கடைசியாகச் சீமெந்துப் பலகை வந்தது. மரத்தின் வரிகள் அச்சாகப் பதித்திருந்தார்கள், ஆனால் வழுவழுப்பாக இருந்தது. சுவரில் குறுக்காக, மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும்படி அடிப்பார்களாம். அவர் இரண்டு துண்டுகளை அப்படி அடுக்கிப் பிடித்தார். மனைவி விரலை விட்டுவிட்டு மணிக்கட்டின் உட்பக்கத்தை அந்த விளிம்பில் வைத்து இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"இது தெரியுது," என்றாள். "விளிம்பு தெரியுது. இதையே எடுங்கோ."

குறிஞ்சாக்கேணியிலிருந்து தச்சர் வந்து பலகை அடித்தார். விளிம்பு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அவளை நிற்க வைத்து, மணிக்கட்டைப் பார்த்துச் சுவரில் கோடு போட்டார். என்ன பெயின்ட் என்று கேட்டார். சாம்பல் நிறம் என்றால் அழுக்குத் தெரியாது என்று நான் சொன்னேன்.

"செத்த வீடு மாதிரிக் கிடக்கும்," என்றாள் உள்ளே இருந்து. "பச்சை அடியுங்கோ. வாழைக்குருத்துப் பச்சை."

"உமக்குத்தான் தெரியாதே?"

"நீங்கள்தானே பாக்கப் போறீங்கள்."

பச்சையே அடித்தோம். அந்த மாரி முழுக்க அவள் தனியாக நடந்தாள். காப்பு விளிம்பில் தட்டுகிற சத்தம் குசினிக்குக் கேட்கும். மூலையில் அந்தச் சத்தம் நிற்கும், பிறகு கதவுச் சத்தம் வரும், திரும்பவும் காப்பு தட்டிக்கொண்டு வரும். தேவையில்லாத நேரத்திலும் போய்வந்தாள் என்று நினைக்கிறேன். கைவிரல்களை நான் தினமும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மகளுக்குத் தொலைபேசியில், "நான் இப்ப சுவரோடைதான் ஊர்வலம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

கையை மட்டும்தான் நான் பார்த்தேன். செருப்பின் வார் பெருவிரலுக்குப் பக்கத்தில் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. நடக்க நடக்க அறுத்திருக்கிறது. காலிலும் உணர்வு போயிருந்தபடியால் அவளுக்கு அது தெரிய வழியில்லை. மழை விட்டு வெயில் தொடங்கிய நாட்களில் அறைக்குள் ஒரு மணம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று அலுமாரியை நகர்த்தித் தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து நிமிரும்போது அவளுடைய கால் என் முகத்துக்கு நேரே இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். அது போதாது என்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சம்மதம் கேட்டு டொக்டர் வந்தபோது அவள் என்னைப் பேச விடவில்லை. "எடுங்கோ," என்றாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் வந்து வாட்டில் தங்கி நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிப் போனாள்.

இப்போது அவள் சக்கரக் கதிரையில். பக்கச் சுவரோரம் முழுக்க மணல். சக்கரம் புதைந்துவிடும். சீமெந்தில் பாதை ஒன்று போடுவோம் என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள். "போட்டால் நீங்கள்தானே தள்ள வேணும். தள்ளிக்கொண்டு போறதுக்குச் சுவர் என்னத்துக்கு, பாதை என்னத்துக்கு?"

கட்டிலுக்குப் பக்கத்தில் நடுவில் ஓட்டை போட்ட கதிரையும், அதற்குக் கீழே வாளியும் வைத்திருக்கிறோம். முதல் கிழமைகளில் நான் வாளியை எடுக்கும்போது அவள் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். இப்போது மூடுவதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பலகை நன்றாகத்தான் இருக்கிறது. வீதியால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அயலில் புதிதாக வீடு கட்டுகிற ஒருவர் எந்தக் கடையில் எடுத்தது, வெயிலுக்குச் சுருங்குமா என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எதற்காகப் போட்டோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மற்றக் காலை நான் தினமும் விடிய எழுந்தவுடன் பார்ப்பேன். ஜன்னலைத் திறந்து, கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பி, நிலத்தில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பேன். அவள் முகத்தை முகட்டுப் பக்கம் நிமிர்த்தியிருப்பாள். "எப்பிடி?" என்பாள். "ஒண்டும் இல்லை," என்பேன். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போவேன்.

போன திங்கட்கிழமை கடைசி இரண்டு விரல்களுக்கிடையில் தோல் வெளுத்து ஊறிப்போய் இருந்தது. நான் அதைத் தொட்டேன். தோல் என் விரலோடு வந்தது. "எப்பிடி?" என்றாள்.

நான் பாதத்தை வெளிச்சத்துக்கு இன்னும் திருப்பினேன்.

"சொல்லுங்கோவன்."

"சின்னனாய் ஒரு புண் இருக்கு."

அவள் கையை நீட்டி என் தலையைத் தேடினாள், தோளில்தான் பட்டது. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"அந்த நீலச் சீலையை எடுத்துத் தாங்கோ," என்றாள். "ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ. கிளினிக்கிலை சனம் சேர முதல் போவம்."