கண்மாய்க்கரையில் கூடாரம், ஊற்றில் தேக்சா

ஈஸ்டர் முடிந்த மறுநாள், கண்மாய்க்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க நாலு பேர் கிளம்பினோம்: நான், என் மனைவி செசிலி, மகள் ரீட்டா, மருமகன் அந்தோணி. தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடாத வீடு எங்களுடையது. நோன்பு முடிந்த பிரியாணியைத் தண்ணீரோரம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது மருமகனின் ஆசை.

எனக்கு எழுபத்தொரு வயது. போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். முன்பெல்லாம் கோபம் வந்தால் கத்துவேன், தொண்டை கட்டும், அதோடு போய்விடும். இப்போது கோபத்தை நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது. இந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நத்தம் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர், பிறகு மண்சாலையில் மூன்று. மத்தியானம் மூன்று மணிக்குக் காரில் கிளம்பி நாலுக்குச் சேர்ந்தோம். முகாமின் பெயரை எழுத மாட்டேன். திட்டி எழுதினாலும் அது விளம்பரம்தான். கூடாரம் ஒன்றுக்கு 900 ரூபாய், விறகுக் கட்டு 150. கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது. அதை முன்பே சொல்லிவிட்டார்கள், அதில் குறையில்லை.

இடம் அழகுதான். கோடையில் பாதி வற்றிய கண்மாய், சுற்றிலும் அடர்ந்த கருவேலமரங்கள், பின்னால் சிறுமலை. தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. வற்றிய பக்கம் மணலில் இடுப்பளவு ஆழத்தில் ஓர் ஊற்று, அடியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். பக்கத்தில் ஒரு பலகை. ‘இயற்கை ஊற்று. விருந்தினர்களுக்கு மட்டும்.’ எழுத்துக் கூட்டி நானே உரக்கப் படித்தேன்.

“பரவாயில்லையே மாமா, நல்லா வசதியாத்தான் செஞ்சிருக்கான்” என்றார் மருமகன்.

கொண்டுபோன ஒரே கேன் தண்ணீர் சமையலோடு தீர்ந்தது. பிரியாணி ருசியாக இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினோம்.

காலை ஆறு மணிக்கு மருமகன் பிரியாணி ஆக்கிய, நெய் ஒட்டிய தேக்சாவை ஊற்றுக்குள் இறக்கி, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது கருவேலமரங்களுக்கிடையே இரண்டு குடங்களோடு ஓர் அம்மாள் வந்தார். பக்கத்துக் காலனிக்காரர், பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. ஊற்றை எட்டிப் பார்த்தார். மேலே நுரை, சோற்றுப் பருக்கை, நெய்.

“செருப்பக் கழட்டுய்யா மொதல்ல.”

மருமகன் கழற்றினார். நானும் கழற்றினேன்.

“குடிக்கிற ஊத்துலயா சட்டியக் கழுவுவாக? எங்க ஊருக்குக் கொழாத்தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது. மத்த நாளுக்கு இதுதான்.”

“போர்டுல விருந்தினர்களுக்குன்னு போட்டிருக்கேக்கா” என்றார் மருமகன்.

“போர்ட அவன் நட்டான். ஊத்தயுமா அவன் தோண்டுனான்?”

முகாம் வாட்ச்மேன் ஓடிவந்து முதலாளிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்க ஐயா, உங்களுக்கு ரெண்டு கேன் ஃப்ரீயா அனுப்பிவிடுறேன்” என்றார் முதலாளி.

“எனக்கு எதுக்கு? இந்தம்மாவுக்கு என்ன சொல்றீக?”

“அது கண்மாய் சார், பொதுச் சொத்து. யாரு வேணா எடுக்கலாம்.”

“அப்புறம் எதுக்கு ‘மட்டும்’னு எழுதுனீக?”

போனை வைத்துவிட்டார். பலகையைப் பிடுங்கிக் காரின் டிக்கியில் போட்டேன். உடைத்து அடுப்பில் வைக்கத்தான் நினைத்தேன், எழுத்தை எரிக்க மனசு வரவில்லை. வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

ஊற்று கெட்டால் முழுவதையும் இறைத்து, ஓர மணலையும் வழித்து எறிந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊறக் காத்திருக்க வேண்டுமாம். மருமகன் உள்ளே இறங்கி மொண்டு கொடுக்க, செசிலியும் ரீட்டாவும் தூரக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நான் மணலை வழித்தேன். முதலில் ஊறியதையும் இறைக்கச் சொன்னார் பேச்சியம்மாள். வேலைக்குப் போகும் வேன் போய்விட்டது என்று ஒரு தடவை சொன்னார். ஒரு நாள் கூலி போயிற்று.

எட்டரைக்கு ஒரு குடம் நிறைந்தது. இரண்டாவது குடத்துக்குப் பாதிதான் கிடைத்தது. செசிலியின் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்து, பேச்சியம்மாள் ஒரு செம்பில் ஊற்றி நீட்டினார்.

“வேண்டாம்மா, ஒங்களுக்கே பத்தாது” என்றாள் செசிலி.

“குடி தாயி. கழுவி விட்டவுகளுக்கும் தாகம் எடுக்குமில்ல.”

குடித்தோம். லேசாகச் சோப்பு வாடை அடித்தது. அந்தத் தண்ணீரைத்தான் இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

வாரம் ஒன்றாகியும் கோபம் ஆறவில்லை. முதலாளி மேல் பாதி, கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் மேல் பாதி. ஊரார் குடிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு பலகையை நட்டுவிட்டு, அதைக் காட்டி வாடகை வாங்குகிற பிழைப்பு என்ன பிழைப்பு?

கண்மாய்க்கரை முகாம்களுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கேன் தண்ணீர் எடுத்துப் போங்கள். திண்டுக்கல்லில் ஒரு கேன் 35 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மணலில் குழி தோண்டித் தண்ணீர் நின்றால் அது யாரோ குடிக்கிற தண்ணீர். பலகை என்ன சொன்னாலும் கை வைக்காதீர்கள். தேக்சாவை அழுக்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுங்கள். கார் நாறினால் நாறட்டும்.