‘காயமில்லை’ என்று எழுத மறுத்த ஏட்டையா

சென்ற திங்கட்கிழமை, தென்காசியில் கோர்ட் கூடுவதற்குச் சற்று முன், ராயகிரியிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தார். நாமெல்லாம் ஏட்டையா என்றே அழைத்த சுடலைமுத்துவின் மருமகன். “நேத்து மத்தியானம் மாமா போயிட்டாக” என்றார். அவரிடம் பயின்ற காவலர்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று உள்ளது. அதன்பொருட்டே இதை எழுதுகிறேன். ஸ்டேஷனின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கிருந்தவர்கள் அறிவார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் அவர் வகுப்பெடுத்தார். ஒருவரைச் சட்டையைக் கழற்றி நிற்கச் சொல்வார். அந்த உடம்பிலுள்ள தழும்பு, சிராய்ப்பு யாவற்றையும் மற்றவர் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். “ஏட்டையா, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா இருக்கு” என்று ஒரு காவலர் கேலி செய்தார்.

“பொண்ணுன்னா பாத்துட்டுப் போயிரலாம்லே. இவன உள்ள வாங்குன மாதிரியே வெளிய கொடுக்கணும்லா” என்றார் அவர்.

கைதியை லாக்கப்பில் வைக்குமுன் ஒருமுறையும், வெளியே அனுப்பும்போது மறுமுறையும் அவ்வாறு எழுதுவது அந்த ஸ்டேஷனின் வழக்கமாயிற்று.

ஒரு சாரல் காலத்தில், ஐந்தருவியில் குளித்த செல்வந்தர் வீட்டு அம்மாளின் சங்கிலி காணாமற்போயிற்று. சிவகிரியைச் சேர்ந்த மாடசாமி என்ற கூலியாளைப் பிடித்து வந்தார்கள். காலையில் அவரைப் பார்த்துக் காயமில்லை என்று எழுதியவர் சுடலைமுத்துவே. பகல் முழுவதும் இன்ஸ்பெக்டரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மாலையில் மாடசாமியை இருவர் தாங்கிக்கொண்டு வந்தனர். சப்-ஜெயிலுக்கு அனுப்பும் குறிப்பிலும் காயமில்லை என்றே எழுதும்படி இன்ஸ்பெக்டர் பணித்தார். சுடலைமுத்து பேனாவை எடுக்கவில்லை.

அரசுத் தரப்பில் வழக்கு நடத்திவந்த என்னை வரவழைத்தார்கள். மாடசாமி கிடந்த பக்கம் நான் திரும்பவில்லை. வாசகத்தை மட்டும் யோசித்தேன். ‘காயம் ஏதும் தெரியவில்லை’ என்று எழுதலாம், நாம் மருத்துவரல்லாததால் அது பொய்யாகாது என்று யோசனை சொன்னேன்.

“எனக்குத் தெரியுதே, வக்கீலையா. ஒங்களுக்குத் தெரியலைன்னா இங்கன திரும்பிப் பாருங்க.”

காயங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்திட்டார். அக்குறிப்பைப் படித்த ஜெயிலர் மாடசாமியை ஏற்க மறுத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். மாடசாமி பிழைத்தார். சுடலைமுத்து பதவி இறக்கப்பட்டு வேறு ஊருக்கு மாற்றப்பட்டார்.

சனிக்கிழமை வகுப்பு நின்றது. நான் சொன்ன வாசகம் நிற்கவில்லை. அடுத்த சாரலில் லாக்கப்பில் இறந்த ஒருவரின் வழக்குக் கட்டில் அதை எழுத்து மாறாமல் கண்டேன். அதன்பின் எத்தனையோ கட்டுகளில் கண்டுவிட்டேன். அது என்னுடையது என்பதே உங்களிடம் நான் சொல்லவேண்டியிருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே பழக்கம்: கட்டைப் பிரிக்குமுன் கூண்டில் நிற்பவரை ஏறிட்டுப் பார்ப்பது. நேற்று நின்றவர் கும்பிடுவதற்கு வலக்கையை மட்டுமே உயர்த்தினார். அவரை மருத்துவரிடம் காட்ட உத்தரவு வேண்டினேன். அதன்மீதான விசாரணை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அவர் ஸ்டேஷன் காவலில்தான் இருப்பார்.