தொண்ணூற்றொரு கதிரை

என்னிடம் தொண்ணூற்றொரு நீலப் பிளாஸ்டிக் கதிரைகள் இருக்கின்றன. கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் வாடகைக்குக் கொடுப்பேன். ஏன் நூறு இல்லை என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுக் கதிரைகளை ஏற்றுவேன்.

தொண்ணூறை இரண்டாக, மூன்றாக, ஐந்தாக, ஆறாக, ஒன்பதாக, பத்தாக எப்படி அடுக்கினாலும் மிச்சம் வராது. அதோடு ஒன்றைச் சேர்த்தால், நாலாக, எட்டாக அடுக்கும்போது மூன்று மிஞ்சும்; மற்றபடி எவர் எப்படி அடுக்கினாலும் ஒரு கதிரை தனியே நிலத்தில் நிற்கும். அது நின்றால் எல்லாம் சரி. இல்லையென்றால் ஒன்று களவு போய்விட்டது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இந்த எண்ணைக் கண்டுபிடித்ததில் எனக்குள் ஒரு பெருமை.

கொக்குவிலில் ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. மத்தியானம் பந்தி முடிந்து, கதிரை ஏற்ற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போனேன். என்னோடு வேலை செய்கிற மனைவியின் தம்பி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான். அடுக்குகளைச் சுற்றி வந்தேன். தனிக் கதிரையைக் காணவில்லை.  போன கிழமை அவன் வீட்டு வாசலில் ஒரு நீலக் கதிரையைக் கண்டதும் அப்போது பார்த்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"மச்சான், ஒரு கதிரை எங்கை?"

"எல்லாம் உதிலைதானே கிடக்குது அத்தான்."

"ஒண்டு குறையுது. உன்ரை வாசலிலை நிக்கிறது ஆரின்ரை கதிரை?"

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் கறுத்துப் போனது.

"யாழ்ப்பாணம் முழுக்க நீலக் கதிரைதான். எல்லாம் உங்கடையோ?" என்று கேட்டவன், கதிரை வைக்கிற அறையின் திறப்பை என் கையில் வைத்துவிட்டு ரெயில் பாதைப் பக்கமாக நடந்தான்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக இறக்கி எண்ணினேன். தொண்ணூற்றொன்று. நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். அதே தொண்ணூற்றொன்று.

அப்போதுதான் மனைவி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். "அவனுக்கு நாரிப் பிடிப்பு, குனிஞ்சால் இடுப்பு நிமிராது. பத்தாத் தூக்க ஏலாமல் ஏழேழாத்தான் தூக்குறான். சொன்னால் நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை."

ஏழு. அதை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை. ஏழேழாக எவன் அடுக்குவான்? ஏழாம் வாய்பாட்டை நான் பாடமாக்கியதும் பன்னிரண்டு வரைக்கும்தான், எண்பத்துநாலு. அதற்கு அடுத்த படியில் தொண்ணூற்றொன்று பதுங்கியிருந்திருக்கிறது. பதின்மூன்று அடுக்கு, மிச்சமில்லை. அடுக்குகள் உயரம் குறைந்திருந்தது அங்கே என் கண்ணில் படவேயில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தக் கதிரையில்தான் இருந்தான். ஒரு கால் உடைந்து கம்பி கட்டியிருந்தது. அது என்னுடையதே இல்லை.

"பிழை என்னிலைதான் மச்சான். அந்த ஏழுக்கும் ஒண்டு மிஞ்சவேணுமெண்டால் அறுநூற்றி முப்பத்தொரு கதிரை வேணும்."

"அவ்வளவையும் ஆர் தூக்குறது?" சிரிக்காமல்தான் கேட்டான். "நான் வாறன். ஆனால் இனிமேல் கதிரையை எண்ண முதல் என்ரை நாரியைக் கேளுங்கோ."

போன ஞாயிறு வட்டுக்கோட்டையில் ஒரு கலியாணம். பத்துப்பத்தாக ஒன்பது அடுக்கு, பக்கத்தில் தனியாக ஒரு கதிரை. கணக்குச் சரி. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. நாரி உண்மையாகவே சுகமா, இல்லை எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினானா? அவன் குனிந்து நிமிரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.