ஸ்க்ரூமேல் ஒரு சிவப்புக் கோடு

பத்து வருஷமாக என் அக்காமேல் எனக்கு ஒரு வருத்தம். ஃபைனலுக்கு வரிசையில் நின்ற என்னை, அத்தனை பேர் பார்க்க, காரைவிட்டு இறக்கினாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

நானூறு மீட்டர் நேர் ரோட்டில் ரெண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் பாயும் பந்தயம் எங்களுடையது. ஓட்டுவது நான். டர்போ அக்கா பொறுப்பு. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. திணிக்கத் திணிக்க வேகம். அளவு மீறினால் பிஸ்டன் உருகும். அந்த அளவைப் பிடித்து வைப்பது விரல் தடிமன் ஸ்க்ரூ ஒன்று.

அக்கா இருபத்திரண்டு வருஷம் ஒரு சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவள். மீட்டர் முள் அசையும் முன்பே குழாய்ச் சத்தத்தில் பிரஷரைச் சொல்லிவிடுவாள். பந்தய மைதானத்தில் மற்ற டீம்காரர்கள் 'பாய்லர்' என்று கிண்டலுக்குத்தான் பெயர் வைத்தார்கள். பிறகு அவர்களே, "பாய்லரக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்து நின்றார்கள். ரோடு குளிர்ந்திருந்தால் டயர் வழுக்கும் என்று ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்துவாள். வெயில் ஏறினால் முறுக்குவாள். முடித்ததும் ஸ்க்ரூவையும் நட்டையும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு சிவப்புக் கோடு. யார் தொட்டாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

அந்த வருஷம் செமிஃபைனலில் எதிராளி என்னைவிட ஒரு மயிரிழை வேகம். அக்கா கை கழுவப் போன நேரம், ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினேன். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, என் பெண்டாட்டியின் பையில் கிடந்த சிவப்புப் பாலிஷை எடுத்துப் புதுசாக இழுத்தேன். ஜெயித்தேன். கால் தரையில் பாவவில்லை.

ஃபைனலுக்கு முன் அக்கா வழக்கம்போல் குனிந்து ஸ்க்ரூவைப் பார்த்தாள். இன்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

"என் பாலிஷ் மினுங்காதுடா. இறங்கு."

ஒரே ஒரு ஓட்டம்தானே என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அவள் காரை ஓரமாகத் தள்ளவைத்து, ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றித் துணியில் வைத்து நீட்டினாள். அதன் வெள்ளைப் பகுதியில் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். பிஸ்டன் உருகத் தொடங்கியிருந்தது. எதிராளி தனியாக ஓடிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனான்.

சேதம் ஒரு பிஸ்டனோடு போயிற்று. இன்றைக்கும் அதே இன்ஜின்தான். அதற்கப்புறம் நாலு கோப்பை. வருத்தம் மட்டும் போகவில்லை.

இந்த வருஷம் அக்காவுக்குக் கை நடுங்குகிறது. போன பந்தயத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வெயில் ஏறியதும் கால் சுற்று முறுக்கச் சொன்னாள். முறுக்கினேன். கோடு போட அவள் பாட்டிலுக்குக் கை நீட்டினேன். அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அந்த மினுக்குப் பாட்டில் இன்னும் உன் டூல் பெட்டியிலதானே இருக்கு? நீ ரோஷக்காரன், தூக்கிப் போட்டிருக்க மாட்டே. இனிமே கோடு உன்னோடது. காஞ்சிருந்தா ரெண்டு சொட்டு தின்னர் விட்டுக் குலுக்கு. அதுலயே போடு."